நட்டும் போல்ட்டும் தேடி நீவா கரைக்கு

காட்பாடியிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர். கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911-இல் அமைத்த மாவட்டம் இது. 1953-இல் ஆந்திரத்தோடு போயிற்று. 1960-இல் திருத்தணிப் பகுதி மட்டும் நம் பக்கம் திரும்பியது. சித்தூரின் நடுவே ஓடும் நீவா ஆறும் எல்லையைக் கடந்து இங்கே வந்ததும் பொன்னையாறு என்ற பெயரில் பாலாற்றில் கலக்கிறது. எந்திர வேலைக்காரர்களும் இந்த ஆற்றைப் போலத்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்கள். ராணிப்பேட்டைப் பட்டறையில் கடைந்த ஷாஃப்ட் சித்தூர் மாங்கூழ் ஆலையில் சுழல்கிறது. சென்னை செம்புதாஸ் தெருவிலிருந்தும் லிங்கிச் செட்டி தெருவிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போல்ட் சித்தூர் கடைகளுக்கு வந்து இறங்குகிறது.

நான் போனது ஏப்ரலில். மாங்கூழ் ஆலைகள் எந்திரங்களைப் பிரித்துப் போட்டு, சீசனுக்கு முன் தேய்ந்ததை மாற்றும் மாதம் அது. இந்த மாவட்டத்தில் கூழுக்குப் போவது பெரும்பாலும் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்லும் ரகம். மே கடைசியில் வரத்து தொடங்கினால் டிராக்டர்களும் லாரிகளும் ஆலை வாசலில் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு பேரிங் சிக்கிக்கொண்டால் வண்டியிலேயே பழம் அழுகும். நட்டம் வரிசையில் நிற்கும் விவசாயிக்கும் சேர்த்துத்தான். எனக்குத் தெரிந்த ஃபிட்டர் தம்பி ஒருவர் அப்படி ஓர் ஆலைக்கு வேலைக்குப் போகிறார். "வாங்கண்ணா, சாமானும் வாங்கணும், திருப்பதி வரைக்கும் போய் வந்துடலாம்" என்றார். பராமரிப்பு வேலையில் காலம் கழித்தவனுக்கு அதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா?

முதலில் கடைவீதி. சித்தூரின் ஹார்டுவேர் கடைகளில் மரையாணி இன்னும் எடை போட்டுத்தான் போகிறது. உயர்ந்த ரகம் மட்டும் எண்ணிக்கையில். நாங்கள் நின்ற கடைக்குக் கரும்பு ஆலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தேய்ந்துபோன ஒரு போல்ட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "மூணு நூல் நட்டு வேணும்" என்றார். மூணு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. கடைப் பையன் பத்து மில்லி நட்டு ஒன்றை எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். ஏறியது. "சரியா இருக்குது தாத்தா" என்றான். கல்லாவிலிருந்த முதலாளி தலையை நிமிர்த்தி, "ஏறும்டா, நிக்காது" என்றார்.

ஏன் நிற்காது? மூணு நூல் போல்ட்டின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். அங்குலத்துக்கு 16 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.59 மில்லிமீட்டர். பத்து மில்லி நட்டில் இந்த இடைவெளி 1.5 மட்டுமே. மரையின் கோணமும் வேறு: ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. விட்டம் சிறியதாக இருப்பதால் நட்டு லகுவாக ஏறும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு இடைவெளி ஒத்துப்போகாமல் இறுகும். கை அதை நல்ல முறுக்கு என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கிறது. ஆலை ஓடி அதிர்ந்தால் அந்த நுனி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைகளுக்கு ஒரு பொது அளவு சொல்லும்வரை, ஒரு பட்டறையின் நட்டு அந்தப் பட்டறையின் போல்ட்டுக்கு மட்டுமே சேர்ந்தது. நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்ததற்காகக் கரும்பு ஆலை தன் மரையை மாற்றிக்கொள்ளவில்லை. சித்தூர் வெல்லத்துக்குப் பேர் போன ஊர். சுற்றுக் கிராமங்களில் பழைய மூன்று உருளை ஆலைகள் அங்குலத்தில் ஓடுகின்றன. பக்கத்திலேயே மாங்கூழ் ஆலையில் இத்தாலியிலிருந்து வந்த எந்திரம் மில்லிமீட்டரில் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே கடையில்தான் நட்டு. இப்படிப்பட்ட ஊரில் மரை கேஜ் இல்லாமல் சாமான் வாங்கப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான். கேஜின் விலை அதிகமில்லை. சட்டைப் பையில் அடங்கும். பெரியவருக்கு முதலாளி உள்ளேயிருந்து பழைய டப்பா ஒன்றைத் தேடி எடுத்து, விட்வொர்த் மரை நட்டையே கொடுத்தார். அந்தக் கடையில் சாமான் வாங்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

பெரியவரோடு அவருடைய ஆலையைப் பார்க்கப் போனோம். உருளைகளின் இரண்டு முனையும் கன்மெட்டல் புஷ்ஷில் உட்கார்ந்திருந்தன. "பேரிங் போட்டா லேசா ஓடுமே?" என்று தம்பி கேட்டார். நான் புஷ்ஷின் பக்கம்தான். உருளை மெதுவாகச் சுற்றுகிறது. பாரமோ மிக அதிகம். கரும்பு திமிறும்போது இடி விழுவதுபோல் அதிர்வு. சாறும் மண்ணும் எங்கும் புகுகின்றன. வேகமும் சுத்தமும் உள்ள இடத்துக்குத்தான் பால் பேரிங். புஷ் தேயும், ஆனால் சொல்லிவிட்டுத் தேயும். ஷாஃப்ட்டைவிட மிருதுவானதால் தான் தேய்ந்து ஷாஃப்ட்டைக் காப்பாற்றும். பழைய புஷ்ஷை உருக்கி வார்த்து உள்ளூர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம்.

அதே ஆலையில் பல்சக்கரத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே இருந்த ஒரு சின்ன ஆணியைத் தொட்டுக் காட்டினேன். கரும்போடு கல்லோ இரும்புத் துண்டோ போய்ச் சிக்கினால் முதலில் உடைய வேண்டிய ஆணி அது. மெல்லிரும்பில் செய்து, அளந்த பருமனில் போட்டிருப்பார்கள். அது இரண்டு முறை உடைந்ததும் பொறுமையிழந்து அந்த ஓட்டையில் மிகக் கெட்டியான 12.9 ரக ஆலன் போல்ட்டை அடித்து இறக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த கல்லுக்கு ஆணி உடையாது, பல்சக்கரம் உடையும். ஆணி மீண்டும் மீண்டும் உடைந்தால் காரணத்தை ஆணியில் தேடக்கூடாது. கரும்புக் கட்டிலும் உருளைகளின் இடைவெளியிலும் தேட வேண்டும்.

மறுநாள் மாங்கூழ் ஆலை. பயணத்தில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட இடம் இதுதான்.

பழம் கழுவப்பட்டு, கன்வேயரில் ஏறி, கொட்டை நீக்கும் எந்திரத்துக்குப் போகிறது. பிறகு பல்ப்பர், சல்லடை, சூடாக்கும் குழாய்கள், கடைசியில் கிருமி நீக்கிய பையில் அடைப்பு. இந்தப் பாதை முழுக்கக் கூழின் புளிப்பு. அதன் பிஎச் 4-ஐ ஒட்டியிருக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவல். அதற்கு மேல் நீராவி. கழுவும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுடையதாக இருந்து அதில் உப்பும் குளோரைடும் கூடியிருந்தால், 304 ரக எவர்சில்வர்கூட ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக அரிக்கும். அங்கே 316 தேவை. ஒரு போல்ட்டின் தலையில் ஏ2 என்று இருந்தால் 304 குடும்பம், ஏ4 என்று இருந்தால் 316 குடும்பம். இந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் "எஸ்எஸ் போல்ட் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது.

எவர்சில்வர் என்றாலே உறுதி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த ஆலையில் மோட்டாரைப் பிடித்திருந்த கறுப்பு போல்ட்டுகள் துருப்பிடித்ததால் எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்ற தம்பி பட்டியல் எழுதி வைத்திருந்தார். நான் தடுத்தேன். கறுப்பு போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தது. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800 மெகாபாஸ்கல், அறுந்துபோகும் எல்லை. அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640, நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை. ஏ2-70 போல்ட் 700-இல் அறும். 450-லேயே நீளத் தொடங்கிவிடும். அதே அளவு, அதே பளபளப்பு, ஆனால் பிடிமானம் குறைவு. மோட்டார் காலுக்கு எவர்சில்வரேதான் வேண்டுமென்றால் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். இல்லையென்றால் முலாம் பூசிய 8.8-ஐயே போட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மேல். 12.9-க்குத் தாவவே கூடாது. அவ்வளவு கடினமான போல்ட் முலாம் பூசும்போதோ ஈரத்திலோ ஹைட்ரஜனை உள்ளே வாங்கிக்கொண்டால், முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் தலை தெறித்து விழும்.

விழுந்தால் எங்கே விழும் என்பது அடுத்த கேள்வி. உணவு ஆலையில் இதை முதல் கேள்வியாகவே வைக்கலாம். கூழ் போகும் குழாயில் காந்தம் வைத்திருக்கிறார்கள். இரும்புத் துண்டு வந்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் 304, 316 இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது என்றே சொல்லலாம். துருப்பிடிக்காது என்று நாம் தேடித் தேடிப் போட்ட எவர்சில்வர் நட்டு கழன்று கூழில் விழுந்தால் காந்தம் அதை விட்டுவிடும். மெட்டல் டிடெக்டரும் எவர்சில்வரை இரும்பைப்போல எளிதில் கண்டுகொள்வதில்லை. ஆகவே திறந்த பழத்துக்கு மேலே இருக்கிற எந்த நட்டும் கழலவே கூடாது என்ற நிலையில் இருக்க வேண்டும். நைலாக் நட்டு நல்லது, சூடு 120 பாகைக்குள் இருந்தால். நீராவி படும் இடத்தில் அதன் நைலான் வளையம் இளகிவிடும். அங்கே முழுக்க உலோகத்தாலான பூட்டு நட்டு வேண்டும். தினமும் கழுவத் திறக்கிற மூடிக்கு நட்டே வேண்டாம். எந்திரத்தோடு கோர்த்த கண் போல்ட்டும் கையால் திருகும் நாப்பும் போதும். அந்த நாப் திறந்த மரையைக் காட்டாத மூடிய வகையாக இருக்க வேண்டும். மரையிடுக்கில் தங்கும் கூழ் இரவுக்குள் நாறும்.

எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை நியூமாட்டிக் துப்பாக்கியால் வேகமாக ஏற்றிக்கொண்டிருந்த பையனை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். சூடேறி இரண்டு மரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையால் மெதுவாக, உணவுத் தர மசகுப் பசை தடவி ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

இனி பேரிங். பட்டியலில் "6205 – 12" என்று மட்டும் இருந்தது. 6205 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட்டின் அளவு. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளை யாரும் எழுதுவதில்லை, அவற்றில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது. இசட்இசட் என்றால் தகட்டு மூடி: தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற இடத்துக்கு 2ஆர்எஸ். ஆனால் அந்த ரப்பர் 100 பாகைச் சூட்டுக்கு மேல் தாங்காது. சூடான ஷாஃப்ட்டுக்குத் தகட்டு மூடியும், விரிவதற்கு இடம் விட்ட சி3 ரகமும் வேண்டும். வெறும் 6205 என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கன்வேயரில் பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்குகளில் வார்ப்பிரும்பு உறை, மேலே பச்சை வண்ணம். கழுவக் கழுவ வண்ணம் உரியும். உரிந்தது கீழே விழும். கன்வேயருக்குக் கீழே, பழம் போகாத பக்கத்தில் இதுவே போதும். பெல்ட்டுக்கு மேலே இருப்பவற்றை மட்டும் எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் உறைக்கு மாற்றச் சொன்னேன். விலை பல மடங்கு, எல்லா இடத்திலும் போடத் தேவையில்லை. ஷாஃப்ட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய எவர்சில்வர் ராடு பல சமயம் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் பேரிங்கை நுழைத்து கிரப் ஸ்க்ரூவை இறுக்கினால், உள்வளையம் ஷாஃப்ட்டின்மேல் மெல்ல மெல்ல நழுவிச் சுற்றும். ஸ்க்ரூ விழும் இடத்தில் ராவித் தட்டையாக்கிவிட்டால் பிடிப்பு கூடும். கிரீஸ் அடிப்பது கழுவி முடித்த பிறகு, எந்திரம் மெதுவாக ஓடும்போது. புதுக் கிரீஸ் உள்ளே போகப் போக ஈரத்தையும் வெளியே தள்ளும். அங்கே உணவுத் தரக் கிரீஸைத் தவிர வேறெதுவும் கூடாது.

சித்தூரை விட்டுத் திருப்பதி சாலையில் ஏறினால் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நடுவே காதங்கி வருகிறது. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ரேடார் அங்கேதான் இருக்கிறது: 32 வரிசை, வரிசைக்கு 32 என 1024 யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கும் மைதானம். அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால் மழையிலும் வெயிலிலும் நிற்கும் ஆன்டெனா என்றதும் ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது: அலுமினியக் குழாயையும் இரும்புக் கிளாம்ப்பையும் நேரடியாகச் சேர்த்து மழையில் விட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் வேண்டும். வீட்டு மாடியில் சோலார் தகடு போடுகிறவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

திருப்பதியையொட்டிய கரகம்பாடியில் அமர ராஜா பாட்டரிக் குழுமம் 1985-இல் தொடங்கியது. அதே குழுமத்தின் மங்கல் இண்டஸ்ட்ரீஸ் போல்ட் நட்டு வகைகளும் டூல் வேலைகளும் செய்கிறது. இந்த வட்டாரத்தில் டூல்ரூம் பழகிய பையன்கள் இப்போது நிறைய. ஒரு சிறு பட்டறையில் துளையிடும் ஜிக் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். தகட்டை நாலு போல்ட்டால் பிடித்திருந்தார்கள். டவல் பின் இல்லை. எட்டு மில்லி போல்ட்டுக்கு ஒன்பது மில்லி ஓட்டை. கழற்றி மாட்டும்போதெல்லாம் தகடு அந்த இடைவெளிக்குள் நகரும். போல்ட்டின் வேலை இறுக்குவது, இடத்தை நிர்ணயிப்பது டவல் பின்னின் வேலை. ரீமர் போட்ட ஓட்டையில் இரண்டு பின் தட்டிவிட்டால் நூறு முறை கழற்றி மாட்டினாலும் அதே இடம். பட்டறைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் ரீமரை எடுத்தார். டையில் போடும் ஸ்பிரிங் பற்றியும் கேட்டார்: பச்சை லேசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கெட்டி, மஞ்சள் மிகக் கெட்டி. நிறம் பார்த்துதான் மாற்ற வேண்டும். ஒரே டையில் சிவப்பும் நீலமும் கலந்தால் தகடு சாய்ந்து அழுந்தும்.

திருமலைக்கு ஏறினோம். முதல் மலைச்சாலை திறந்தது 1944-இல். மேலே சமையலறைக்கு 2002-இல் நிறுவிய சூரிய நீராவி அமைப்பைப் பற்றி எந்திர வேலைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: 106 பிரதிபலிப்புத் தட்டுகள், வெயிலைக் குவித்து நாளைக்கு நாலு டன் நீராவி, சுமார் 15,000 பேருக்குச் சமையல் என்பது அன்றைய கணக்கு. ஒவ்வொரு தட்டும் சூரியனோடு திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பம் பேரிங்கின்மேல்தான் நிற்கிறது. மழையிலும் மலைப் பனியிலும் வெளியே நிற்கிற பேரிங், நாளெல்லாம் மிக மெதுவாக நகர்கிறது. கிரீஸ் ஒரே இடத்தில் வடிந்து தங்கிவிடும். வேகமாகச் சுற்றும் பேரிங்கைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு இங்கே உதவாது. துருவையும் ஈரத்தையும் தாங்குவதே முதல் கணக்கு.

லட்டு நாளொன்றுக்கு சுமார் 3 லட்சம். அவ்வளவு நெய் புழங்குகிற ஊரில் ஒரு கேஸ்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் கீழே இறங்க முடியாது. சித்தூர் மாங்கூழ்க் குழாய்க்கு நாங்கள் வாங்கிய கறுப்பு வளையம் ஈபிடிஎம் ரப்பர். நீராவி, காஸ்டிக், புளிப்பு எல்லாவற்றையும் தாங்கும். அதையே நெய்யோ எண்ணெயோ ஓடும் குழாயில் போட்டால் ஊறி உப்பிக் கிழிந்துவிடும். அங்கே நைட்ரைல் வேண்டும். சூடும் கூடினால் விட்டான். மூன்றும் கறுப்பு, மூன்றும் ஒரே அளவு, பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிய அன்றே பையில் பெயர் எழுதி வைக்காத ஸ்டோர் ரூமில் இந்தத் தவறு என்றைக்காவது நடந்தே தீரும்.

ஒரு சின்ன இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் சாட்சி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதுவும் இந்த மாவட்டத்துக்குள் வந்தது. அங்கே 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். ஹீலியம் கலத்தின் நிப்பிள் இணைப்பில் கசிவு என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. சரிசெய்து ஜூலை 22 பிற்பகல் ஏவினார்கள். நின்று பார்த்து, காரணம் கண்டு, ஒரு வாரத்தில் சரிசெய்து முடித்த அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே ஒவ்வொரு சின்னப் பாகத்துக்கும் அது எங்கே உட்காரும், எதைத் தொடும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தாள் இருக்கும். நம் ஆலைகளில் "போல்ட் எம்10 – 50 எண்ணம்" என்பதோடு தாள் முடிந்துவிடுகிறது.

திரும்பி வரும்போது தம்பியின் பட்டியலை ரேணிகுண்டா நிலையத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். ஒவ்வொரு சாமானுக்கும் அளவோடு இன்னும் நாலு சேர்த்தோம்: எந்த எந்திரத்தில் எந்த இடம், அதன்மேல் என்ன படும், எவ்வளவு சூடு, யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை திறப்பார்கள். பாதிச் சாமான்களின் ரகம் மாறியது. விலை கூடியவை சில. குறைந்தவையும் உண்டு, ஏனென்றால் தேவையில்லாத இடத்தில் எவர்சில்வர் எழுதியிருந்தார்கள்.

ஆலை நடத்துகிறவர்களுக்கும் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கும் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் இண்டெண்ட் தாளில் அளவுக்குப் பக்கத்தில் இந்த நாலு கட்டத்தை அடித்துக்கொடுங்கள். அதை நிரப்பும் வேலையை எந்திரத்தைத் தினமும் கழற்றி மாட்டுகிற ஃபிட்டரிடமே விடுங்கள். தோத்தாபுரி மே கடைசியில் வந்துவிடும். ஏப்ரலுக்குள் எழுதி முடியுங்கள்.